புட்குழியின் புள்

சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்தைத் தாண்டிப் போனால் பாலுசெட்டி சத்திரம் வரும். அதன் அருகேதான் திருப்புட்குழி. சுற்றிலும் நெல்வயல்கள், ஊர் நடுவே விஜயராகவப் பெருமாள் கோயில், கோயிலுக்கு எதிரே ஜடாயு புஷ்கரிணி. புள் என்றால் பறவை. புள்ளை எரித்த குழி புட்குழி. சீதையை மீட்கப் போராடிச் சிறகிழந்து விழுந்த ஜடாயுவுக்கு இராமன் மகனாக நின்று ஈமக்கடன் செய்த இடம் இது என்பது தலபுராணம். திருமங்கையாழ்வார் பாடிய திவ்யதேசம். அமாவாசை நாளில் குளக்கரையில் உட்கார்ந்து முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுப்பவர்களைப் பார்க்கலாம். ஒரு பறவைக்குச் செய்த நீர்க்கடனை முன்மாதிரியாகக் கொண்டு மனிதர்களுக்கு நீர் வார்க்கும் ஊர் இது.

ஜடாயு விழுந்த இடம் என்று சொல்லிக்கொள்ளும் ஊர்கள் வேறும் உண்டு. வைத்தீசுவரன்கோயிலின் பழைய பெயர் புள்ளிருக்குவேளூர். ஆந்திரத்தில் லேபாக்ஷி இருக்கிறது. கேரளத்தின் சடையமங்கலத்தில் பாறை உச்சியில் சிறகு விரித்துக் கிடக்கும் மாபெரும் ஜடாயு சிற்பம் 2018இல் மக்கள் பார்வைக்கு வந்தது. எந்த ஊரின் உரிமை மெய் என்று தீர்ப்பது என் வேலையில்லை. என்னை இங்கே இழுத்து வந்தது வேறொரு செய்தி. ஜடாயு எந்தப் பறவை?

நாட்காட்டிப் படங்களில் வளைந்த அலகும் அடர்ந்த கழுத்து இறகுமாக, பாம்பைத் தூக்கிச் செல்லும் கழுகைப் போலத்தான் வரைகிறார்கள். வால்மீகி அவனைச் சொல்லும் பெயர் ‘கிருத்ரம்’. அது பிணந்தின்னிப் பறவை, தமிழில் பாறு. பேச்சுவழக்கில் கழுகு, பாறு இரண்டையும் கழுகு என்றே சொல்லி வந்தாலும், வேட்டையாடும் கழுகுக்கு வீரப்பட்டமும், செத்ததைத் தின்னும் பாறுக்கு அபசகுனப் பட்டமும் கிடைத்தன. வானில் போரிடும் வீரனாக வால்மீகி தேர்ந்தெடுத்தது அந்த இரண்டாவது பறவையைத்தான். பறத்தலின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அந்தத் தேர்வு எவ்வளவு பொருத்தமானது என்று எனக்கு வியப்பு கூடிக்கொண்டே போகிறது.

ஜடாயுவும் அவன் அண்ணன் சம்பாதியும் இளமையில் சூரியனை நோக்கிப் பறந்தார்கள். தம்பி வாடுவதைக் கண்டு அண்ணன் சிறகை விரித்து நிழல் கொடுத்தான். அவன் சிறகு கருகியது. மேலே போகப் போகச் சுடும் என்பது கதை. உண்மையில் மேலே போகப் போகக் குளிரும்: ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். ஆனால் பாறு மற்ற பறவைகள் எட்டாத உயரத்துக்குப் போகும் என்ற பகுதி கற்பனையல்ல. 1973 நவம்பரில் மேற்கு ஆப்பிரிக்காவின் அபிஜான் நகருக்கு மேலே ஒரு பயணிகள் விமானத்தில் ரூப்பெல் பாறு ஒன்று மோதியது. அப்போது விமானம் இருந்த உயரம் 11 கிலோமீட்டருக்கும் மேல். பறவை இத்தனை உயரத்தில் பறந்ததற்கு இதைவிடப் பெரிய சான்று இன்றுவரை இல்லை.

நம் இலக்கியத்தில் பறக்கும் ஊர்திகளுக்குக் குறைவில்லை. புறநானூற்றின் 27ஆம் பாடலில் ஓட்டுபவன் இல்லாமல் வானில் செல்லும் ஊர்தி வருகிறது. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் மயில் வடிவில் ஒரு பொறி செய்வித்து, அரசி விசயைக்கு ஓட்டப் பழக்குகிறான். ஒரு பக்கம் திருகினால் எழும், மறுபக்கம் திருகினால் இறங்கும். கட்டியங்காரனின் சூழ்ச்சியிலிருந்து நிறைமாத அரசி தப்பியது அதில்தான். இவற்றை நான் நேசிக்கிறேன், கவிதையாக. இவற்றிலிருந்து பொறியியலைப் பிழிந்தெடுக்க முயல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் பெரிதும் மேற்கோள் காட்டும் ‘வைமானிக சாஸ்திரம்’ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுப்பராய சாஸ்திரி என்பவர் சொல்லச்சொல்ல எழுதப்பட்டது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஐந்து ஆய்வாளர்கள் 1974இல் அதை வரிவரியாக ஆராய்ந்து, அது 1904க்கு முற்பட்டதாக இருக்க முடியாது என்றும், அதில் வரைந்துள்ள ஊர்திகள் பறக்கும் தகுதியற்றவை என்றும் முடிவு சொன்னார்கள். வானியக்கத்தை முறையாகக் கற்ற இந்தியர்கள் செய்த ஆய்வு அது. அதைப் படிக்காமல் இன்னும் மேடைகளில் பெருமை பேசுவது நம் நேரத்தையும் பிள்ளைகளின் அறிவையும் வீணாக்குகிறது.

திருப்புட்குழியிடம் இதற்கு ஒரு பாடம் உண்டு. இளைஞர் இராமானுசர் யாதவப் பிரகாசரிடம் வேதாந்தம் கற்றது இந்த ஊரில்தான். உபநிடதச் சொல் ஒன்றுக்குக் குரு சொன்ன பொருள் தவறு என்று பட்டபோது மாணவர் கண்ணீர் விட்டார், பிறகு தன் பொருளைச் சொன்னார். சூரியனால் மலரும் தாமரை என்பது அவர் கண்ட பொருள். ஏட்டில் எழுதியிருப்பதாலும் குரு சொல்வதாலும் மட்டும் ஒன்று மெய்யாகிவிடாது என்ற வழக்கம் இந்த மண்ணில் ஆயிரம் ஆண்டுப் பழையது.

ஆகவே ஏட்டை விட்டுவிட்டு, பறவையை அண்ணாந்து பார்த்த ஒருவரிடம் போகலாம். எர்னஸ்ட் ஹான்பரி ஹாங்கின் ஆக்ராவில் அரசு நுண்ணுயிரியலாளராக இருந்த ஆங்கிலேயர். கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமியைக் கொல்லும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று 1896இல் எழுதியவர் அவர்தான். ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்தால் அவர் கண் வானத்தில் இருக்கும். பருந்தும் பாறும் சிறகடிக்காமல் எப்படி மேலே போகின்றன என்று ஆண்டுக்கணக்கில் கவனித்துக் குறிப்பெடுத்தார். 1913இல் அது நூலாக வந்தது.

ஹாங்கினின் குறிப்புகளில் எனக்கு மிகப் பிடித்தது ஒரு வரிசை. காலையில் எந்தப் பறவையும் வட்டமிடுவதில்லை. வெயில் ஏறியதும் முதலில் எழுவது பருந்து. இன்னும் கொஞ்ச நேரம் கழித்துச் சிறிய பாறு. அதன்பின் பெரிய பாறுகள். ஒவ்வொரு நாளும் நேரம் மாறும், வரிசை மாறாது. காற்று ‘மிதக்கத் தகுந்ததாக’ மாறும் நேரம் ஒவ்வொரு பறவைக்கும் வேறு என்று அவர் கண்டார்.

காரணம் எளிய வகுத்தல் கணக்கு. பறவையின் எடையைச் சிறகின் பரப்பால் வகுத்துப் பாருங்கள். கரும்பருந்துக்கு ஒரு சதுர மீட்டர் சிறகு சுமார் 3 கிலோ சுமக்கிறது. பெரிய பாறுக்கு ஏழெட்டுக் கிலோ. (பயணிகள் விமானமான போயிங் 737க்கு இது 600 கிலோவைத் தாண்டும், அதனால்தான் அதற்கு அவ்வளவு நீண்ட ஓடுபாதை.) சுமை குறைந்த பறவை மெதுவாகப் பறக்கலாம், சிறிய வட்டமடிக்கலாம், காலையின் வலுவற்ற மேலெழு காற்றே அதற்குப் போதும். சுமை கூடியது வெயில் பழுக்கும்வரை மரக்கிளையில் காத்திருக்க வேண்டும்.

அந்த மேலெழு காற்றை கிளைடர் ஓட்டுபவர்கள் தெர்மல் என்பார்கள். உழுத புழுதி, பாறை, வறண்ட ஏரிப்படுகை ஆகியவை பக்கத்து நெல்வயலைவிடச் சீக்கிரம் சூடேறும். அவற்றின்மேல் கிடக்கும் காற்று சூடாகி, விரிந்து, லேசாகி, குமிழாகவோ தூணாகவோ கிளம்பும். நொடிக்கு 2, 3 மீட்டர் வேகத்தில் அது ஏறும். பாறு சிறகை விரித்து அசையாமல் இருந்தாலும் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்தவரை எப்போதும் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது, நொடிக்கு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக. காற்று ஏறும் வேகம் பறவை இறங்கும் வேகத்தைவிட அதிகமானால் மிச்சம் உயரமாகச் சேரும். தூணுக்குள்ளேயே நிற்க வட்டமடிக்க வேண்டும். நொடிக்கு 12, 13 மீட்டர் வேகத்தில் 30 டிகிரி சாய்ந்து திரும்பும் பறவையின் வட்டம் ஏறக்குறைய 28 மீட்டர் ஆரம் கொண்டது. நாம் தரையிலிருந்து பார்க்கும் அந்தச் சோம்பலான சுற்றல் இந்தக் கணக்கின் உருவம். உச்சிக்குப் போனதும் சுற்றலை விட்டு நேராகச் சறுக்கி அடுத்த தூணைத் தேடும்.

ஹாங்கின் ஓரிடத்தில் சறுக்கினார். மேலெழு காற்று மட்டுமே இதற்குக் காரணம் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. வெயிலின் ஏதோ தனி வினை என்று நினைத்தார். கவனிப்பு துல்லியம், விளக்கம் பிழை. அக்காலத்தில் இந்திய வானிலைத் துறைத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கரும் (பருவமழையைப் பாதிக்கும் காற்றழுத்த ஊசலைக் கண்டுபிடித்தவர்) வெப்பமண்டலப் பறவைகளின் சிறகடிக்காத பறத்தலை வானிலையோடு பொருத்தி 1920களில் எழுதினார். இந்திய வெயிலும் இந்தியப் பாறும் இல்லாமல் இந்த அறிவு இவ்வளவு விரைவில் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

சிறகடிப்பது ஏன் இவ்வளவு பெரிய செலவு? எடை கூடும் அளவுக்குத் தசையின் ஆற்றல் கூடுவதில்லை. 5 கிலோ பாறு தொடர்ந்து சிறகடித்தால் விரைவில் களைத்துவிடும். 15 கிலோ வரை எடையுள்ள ஆண்டிஸ் காண்டோர்களின் உடலில் கருவி பொருத்திச் செய்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. பறந்த நேரத்தில் நூற்றில் ஒரு பங்குதான் அவை சிறகடித்தன. ஒரு பறவை ஐந்து மணி நேரத்துக்கு மேல், 172 கிலோமீட்டர், ஒருமுறைகூடச் சிறகடிக்காமல் போனது. எரிபொருள் இல்லாத பயணம்!

பள்ளிப் பாடநூல்கள் பலவற்றில் இருக்கும் ஒரு பிழையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சிறகின் மேல்பக்கம் வளைந்து நீண்டிருப்பதால், பின் விளிம்பில் கீழ்க் காற்றோடு ஒரே நேரத்தில் சேர மேல் காற்று வேகமாக ஓடுகிறது என்று எழுதியிருப்பார்கள். அப்படி ஒரே நேரத்தில் சேர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சோதனையில் மேல் காற்று முன்னதாகவே போய்விடுகிறது. சிறகு தன்னைக் கடக்கும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது, அதன் எதிர்வினை சிறகைத் தூக்குகிறது. அழுத்த வேறுபாடும் இதே நிகழ்வின் இன்னொரு முகம்தான். தட்டையான அட்டையைச் சாய்த்துப் பிடித்து ஓடும் பேருந்தின் ஜன்னலில் நீட்டிய சிறுவனுக்கு இது கையில் தெரியும்.

பாறின் சிறகு முனையில் விரல்களைப் போலப் பிரிந்து நிற்கும் இறகுகளைக் கவனித்திருக்கிறீர்களா? சிறகின் கீழே அழுத்தம் அதிகம், மேலே குறைவு. முனை வழியாகக் காற்று கீழிருந்து மேலே சுருண்டு, சுழலாகிப் பின்னுக்கு இழுக்கும். பிரிந்த இறகுகள் அந்த ஒரு பெரிய சுழலைப் பல சிறு சுழல்களாகப் பிரித்துப் பரப்புகின்றன. இழுவை குறைகிறது. 1970களின் எண்ணெய் நெருக்கடிக் காலத்தில் நாசாவின் ரிச்சர்ட் விட்காம்ப் விமானச் சிறகு முனையில் செங்குத்தாக நிற்கும் விங்லெட்டை வடிவமைத்து எரிபொருளை மிச்சப்படுத்தியது இதே முனைச் சுழலோடு போராடித்தான். ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தால் அது மடிந்து நிற்பதை இன்று யாரும் பார்க்கலாம்.

பறக்கும் பொறியைச் செய்தவர்களும் இந்தப் பறவைகளிடம்தான் போனார்கள். ஜெர்மனியில் ஓட்டோ லிலியென்தால் நாரைகளைப் பார்த்து 1889இல் நூல் எழுதினார், கிளைடரில் ஏறத்தாழ 2,000 முறை பறந்தார், 1896இல் விழுந்து இறந்தார். கெய்ரோவில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர் லூயி முய்யார் பாறுகளைப் பார்த்து 1881இல் எழுதிய நூலை வில்பர் ரைட் மனம்திறந்து புகழ்ந்திருக்கிறார். திரும்பும்போது பறவை சிறகு முனையை முறுக்கிச் சமநிலை காப்பதைக் கண்டுதான் ரைட் சகோதரர்கள் தங்கள் விமானத்தின் சிறகை முறுக்கும் வழியைக் கண்டார்கள். 1903 டிசம்பர் 17இல் அவர்கள் முதன்முதல் பறந்தது 12 நொடி, 36 மீட்டர் சொச்சம்.

அடுத்த ஏழாவது ஆண்டில் பறக்கும் பொறி சென்னைக்கு வந்துவிட்டது. மவுண்ட் ரோட்டில் உணவு விடுதி நடத்திய ஜாகோமோ டி’ஆஞ்சலிஸ், பிளெரியோ விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிய செய்தியால் கிளர்ந்து, தானே ஒரு விமானத்தை வடிவமைத்தார். சிம்சன் நிறுவனத்தார் அதைக் கட்டிக் கொடுத்தார்கள். 1910இல் பல்லாவரத்தில் சோதித்துவிட்டு, தீவுத்திடலில் கட்டணம் வைத்துப் பறந்து காட்டினார். அலகாபாத்தில் ஆன்றி பெக்கே தபால் மூட்டையோடு விமானத்தில் யமுனையைத் தாண்டிய 1911 பிப்ரவரி 18ஐத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கேக்கும் ரொட்டியும் விற்ற ஒருவர் அதற்கு முன்பே நம் பல்லாவரத்துப் பொட்டலில் பறந்தது பாடநூல்களுக்குள் வரவேண்டும். 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்வரை ஓட்டிவந்த தபால் விமானத்தை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். மனிதனின் பறத்தல் இப்படி வேர்பிடித்த காலத்தில் தமிழ்நாட்டு வானம் முழுக்கப் பாறுகள் இருந்தன.

திருப்புட்குழிக்குத் தென்கிழக்கே திருக்கழுக்குன்றம். வேதகிரீசுவரர் மலையில் நண்பகலில் இரண்டு வெள்ளைப் பறவைகள் இறங்கிவந்து அர்ச்சகர் கையிலிருந்து பொங்கல் தின்னும். காசியிலிருந்து வருகின்றன என்று நம்பினார்கள். அவை மஞ்சள்முகப் பாறுகள். நம் நாட்டில் வாழும் அந்த வகையின் அறிவியல் பெயர் ‘ஜிஞ்ஜினியானஸ்’, செஞ்சியின் பெயரிலிருந்து வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பயணி சொன்னரா எழுதிய குறிப்பே அதன் மூலம். நம் பக்கத்து ஊரின் பெயரைச் சுமந்த பறவை. 1990களில் அந்த வருகை நின்றுபோனது. தட்டில் பொங்கலோடு அர்ச்சகர் காத்திருந்து திரும்பிய நாட்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

பாறுகளுக்கு என்ன நடந்தது என்று 2004இல் தெரிந்தது. மாடுகளுக்கு வலி தீரக் கொடுத்த டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டின் இறைச்சியில் தங்கிப் பாறின் சிறுநீரகத்தை அழித்தது. வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் இடையே இந்தியாவில் ஆயிரத்துக்கு 999 என்ற அளவில் மறைந்தது. இதில் நெஞ்சை அறுக்கும் கணக்கு ஒன்று உண்டு. இந்தச் சரிவுக்கு நூறு மாட்டுச் சடலங்களில் ஒன்றில்கூட நஞ்சு இருக்கத் தேவையில்லை, அதற்கும் குறைவே போதும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். எப்படி? உயரே மிதக்கும் பாறு தரையை மட்டும் பார்ப்பதில்லை, தூரத்தில் மிதக்கும் மற்றப் பாறுகளையும் பார்க்கிறது. ஒன்று இறங்கினால் பக்கத்தில் இருப்பது இறங்கும், அதைப் பார்த்து அடுத்தது. பல கிலோமீட்டர் வானம் ஒரே சடலத்தின்மேல் வந்து குவியும். மலையில் உட்கார்ந்தபடியே இலங்கையில் சீதையைக் கண்ட சம்பாதியின் கண் இது. எந்தப் பறத்தல் கலையால் பாறு பல லட்சம் ஆண்டு வாழ்ந்ததோ, அதே கலை நஞ்சுள்ள ஒரு மாட்டிடம் நூறு பறவைகளைக் கொண்டுபோய் இறக்கியது.

2006இல் கால்நடைக்கான டைக்ளோஃபினாக் தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போவதைத் தடுக்க 2015இல் ஊசிமருந்தின் அளவு 3 மில்லியாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அதை எதிர்த்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் கட்டுப்பாட்டை உறுதி செய்தது. 2023இல் அசிக்ளோஃபினாக், கீட்டோபுரொஃபென் இரண்டும் தடைக்குள் வந்தன. தமிழ்நாட்டில் இன்று பாறுகள் கூடு கட்டுவது நீலகிரியின் சரிவில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில். மூன்று மாநிலம் சேரும் அந்தக் காடுகளில் எல்லாம் சேர்த்துச் சில நூறு இருக்கின்றன. ‘அருளகம்’ போன்ற அமைப்புகள் மருந்துக் கடை மருந்துக் கடையாக ஏறி இறங்கி அவற்றைக் காக்கின்றன.

திருப்புட்குழிக்கு வடகிழக்கே பரந்தூர். சென்னையின் இரண்டாம் விமான நிலையத்துக்காக 2022இல் அறிவித்த இடம். ஐயாயிரம் ஏக்கருக்கு மேல், அதற்குள் ஏரிகளும் வயல்களும். அங்குள்ள ஏகனாபுரத்து மக்கள் எதிர்த்து நெடுங்காலம் போராடியிருக்கிறார்கள்; அவர்கள் சொல்வதில் நீர் பற்றிய கவலை மிகுதி, அது நியாயம் என்று கருதுகிறேன். நீர் இருக்கும் இடத்தில் பறவை இருக்கும். தரையிறங்கும் விமானம் மணிக்கு 250 கிலோமீட்டரில் வரும்போது 5 கிலோ பறவை மோதினால், 125 கிலோ கல்லைப் பத்து மீட்டர் உயரத்திலிருந்து போட்டது போன்ற அடி விழும். 1980களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இந்திய விமானத் தளங்களில் இந்த மோதலை ஆராய்ந்தது. அப்போது பாறும் பருந்தும் பெரிய ஆபத்தாக இருந்தன. தளத்தைச் சுற்றிக் கொட்டிய இறைச்சிக் கழிவும் குப்பையும் அவற்றை ஈர்த்தன. இன்று அந்தப் பட்டியலில் பாறுக்கு வேலையில்லாமல் போய்விட்டது. பரந்தூரின் கொக்கும் நாரையும் என்ன ஆகும் என்பதை ஏரிகளை மூடுவதற்கு முன் கணக்கிட வேண்டும்.

போன சித்திரையில் ஒரு நாள் விடிகாலையே திருப்புட்குழிக்கு வந்துவிட்டேன். ஹாங்கின் செய்ததைச் செய்து பார்க்க ஆசை. குறிப்பேடும் கைக்கடிகாரமும் எடுத்துக்கொண்டு புஷ்கரிணிப் படியில் உட்கார்ந்தேன். சிதைத் தீயின் வெக்கை தாங்காமல் தாயார் இடம் மாறி நின்ற கோயில் இது என்று பூக்கட்டும் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். எட்டரை மணிவரை வானில் காக்கைகள்தான். 9.10க்கு, வயலுக்கு அப்பால் உழுது போட்ட புழுதிக்கு மேலே முதல் கரும்பருந்து சிறகை நிறுத்தி வட்டமிட்டது. 9.25க்கு நான்கு. ஒரு செம்பருந்தும் சேர்ந்துகொண்டது. பத்து மணிக்கு அவை எல்லாம் கோபுரத்தைவிடப் பல மடங்கு உயரத்தில் புள்ளிகளாக இருந்தன. ஹாங்கின் வரிசையில் அடுத்தது சிறிய பாறு, பிறகு பெரிய பாறு. குறிப்பேட்டில் அந்த இரண்டு பெயர்களையும் எழுதி எதிரே நேரத்துக்கு இடம் விட்டிருந்தேன். உச்சிகால மணி அடித்தது. இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.